நகலில் நீக்கிய பெட்டிகள்

நாம் எழுதும் நிரலை ஓடவிடுவதற்கு முன் வரி வரியாகப் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும் ஒன்று உண்டு. அதற்குக் கம்பைலர் என்று பேர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதோடு எனக்குச் சண்டைதான். ஒரே ஒரு முறை அது சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டியே வந்திருக்காது. கேட்கவில்லை. எனக்கு வாய்க்கொழுப்போடு கைக்கொழுப்பும் சேர்த்தே உண்டு.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. ஊர் முதலமடைப் பக்கம். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே மாங்காய் ஷெட் வைத்திருக்கிறார். தை பிறந்தால் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து பெட்டி பெட்டியாகக் காய் வந்து இறங்கும். பார்த்துப் பிரித்து, வடக்கே போகிற லாரியில் ஏற்றி விடுவார்கள். அந்த ஷெட்டுக்குத்தான் இரண்டு சீசனுக்கு முன்னால் ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் போய் விழுந்தேன்.

அதுவரைக்கும் அங்கே சாக்பீஸ்தான் எல்லாம். மூணாறு தேயிலை எஸ்டேட்டிலிருந்து சீசனுக்கு இறங்கி வருகிற ஒரு அக்கா காய் பார்ப்பார். வயது நாற்பத்தைந்து இருக்கும். கொழுந்து கிள்ளிப் பழகிய கை. பெட்டிக்குள் கையை விட்டு நாலு காயைப் புரட்டுவார், காம்பை முகர்வார். உள்ளே புழு வைத்திருந்தால் அவருக்குத் தெரிந்துவிடும், எப்படி என்று கேட்டால் சிரிப்பார். கெட்ட பெட்டியில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. சாயங்காலம் லோடு ஏற்றுகிறவர்கள் குறி போட்ட பெட்டியைத் தொட மாட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ஜூஸ் கம்பெனி வண்டி வந்து அவற்றை எடுத்துப் போய்விடும்.

"எதுக்குங்க்கா இந்தச் சாக்பீஸு? கை பூராம் வெள்ளையாக்கிட்டு," என்றேன். "பெட்டில நம்பர் ஒட்டிருக்குதுங்கள்ல. போன்ல அந்த நம்பரத் தொட்டு, தள்ளுன்னு ஒரு அமுக்கு. லிஸ்ட்ல இருந்தே காணாமப் போயிரும். லாரிச் சீட்டுல அந்த நம்பரே வராது."

"சாக்பீசும் ஒரு ஓரமா இருக்கட்டுமே தம்பி. கண்ணால பாத்தாத்தான் எனக்குத் திருப்தி."

"ரெண்டும் இருந்தா கொழப்பந்தாங்க்கா. நம்பி உடுங்க."

நம்பி விட்டார். அந்த வருடம் ஒரு பெட்டிகூடத் தப்பவில்லை. மாமா பக்கத்து ஷெட்டுக்காரர்களிடமெல்லாம் "எங்க மாப்ள பண்ணுனது" என்று சொல்லிச் சொல்லி, அவர்களில் மூன்று பேர் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

இந்த சீசனில் மாமா தேங்காய் மூட்டையும் ஏற்ற ஆரம்பித்தார். பெட்டியைப் போலவே மூட்டையையும் சோதிக்க வேண்டும், தள்ள வேண்டும். அதற்காக நிரலைத் திருத்த உட்கார்ந்தேன். இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியாக வேண்டும். என் வெட்கக்கேடு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

நிரலில் பெட்டி ஒரு வகை, மூட்டை ஒரு வகை. சோதிக்க முடிகிற எதுவும் இன்னின்ன வேலைக்கு உடன்பட வேண்டும் என்று பொதுவாக ஒரு ஒப்பந்தம் எழுதி வைக்கலாம். அதை இன்டர்ஃபேஸ் என்போம். பெட்டியும் மூட்டையும் அதில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. தள்ளுகிற வேலையைச் செய்யும் பகுதிக்கு மெத்தட் என்று பேர். முன்பு அது பெட்டிகளின் லிஸ்ட்டைத்தான் கேட்டது. இப்போது, "சோதிக்கத்தக்கவை இருக்கிற லிஸ்ட் ஒன்று கொடு" என்று கேட்கும்படி மாற்றினேன். மாற்றிவிட்டு, பெட்டிகளின் லிஸ்ட்டை அதனிடம் நீட்டினேன். சிவப்புக் கோடு விழுந்தது.

பெட்டி சோதிக்கத்தக்கதுதான். அப்படியானால் பெட்டிகளின் லிஸ்ட்டும் சோதிக்கத்தக்கவற்றின் லிஸ்ட்தானே? இல்லை என்கிறது கம்பைலர். நியாயம் அதன் பக்கம்தான். எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிற லிஸ்ட் கையில் கிடைத்ததாக நினைத்து, அந்த மெத்தட் ஒரு தேங்காய் மூட்டையை அதற்குள் சேர்த்துவிட முடியும். பிறகு மாங்காய்ப் பெட்டிகளின் லிஸ்ட்டுக்குள் தேங்காய் மூட்டை உட்கார்ந்திருக்கும். அதனால்தான் வாசலிலேயே மறித்து நிறுத்துகிறது. இந்தத் தெளிவெல்லாம் இப்போது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். "பெட்டியும் சேத்தின்னு நாந்தான் எழுதிக் குடுத்துருக்கறேனல்ல, அப்பறம் உனக்கென்ன கேடு?" என்று திரையைப் பார்த்துத் திட்டினேன்.

முறையாகச் செய்ய வழி இருந்தது. "அந்த ஒப்பந்தத்துக்கு உடன்பட்ட எந்த வகையாக இருந்தாலும் சரி, அந்த வகையின் லிஸ்ட்டை அப்படியே வாங்கிக்கொள்" என்று மெத்தடை எழுதியிருக்கலாம். அரை மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுமை இல்லை. பெட்டிகளை எல்லாம் புதிதாக ஒரு பொது லிஸ்ட்டில் நகலெடுத்து, அந்த நகலை நீட்டினேன். ஒரே வரி. சிவப்புக் கோடு மறைந்தது. அப்படி வா வழிக்கு என்று மடிக்கணினியை மூடினேன்.

அந்த மெத்தடின் வேலையே, தள்ளிய பெட்டியை லிஸ்ட்டிலிருந்து நீக்குவது. அது ஒழுங்காக நீக்கியது, நகலிலிருந்து. அசல் லிஸ்ட்டில் எல்லாப் பெட்டியும் அப்படியே இருந்தன. அக்காவின் போன் திரையில் தெரிந்தது நகல். லாரிச் சீட்டு அச்சானது அசலிலிருந்து. நான் போனில் நாலு பெட்டியைத் தள்ளிப் பார்த்தேன், திரையில் மறைந்தன, திருப்தியாகிவிட்டது. ஒரு சீட்டை அச்சடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த வாரம் முழுக்க அக்கா தள்ளிய பெட்டிகள் லாரியில் ஏறின. அவர் மதியமே போய்விடுவார். காலையில் வந்து பார்த்தால் தள்ளிய பெட்டிகள் இருக்காது, ஜூஸ் வண்டி எடுத்துப் போயிருக்கும் என்று நினைத்திருக்கிறார். லோடு ஏற்றியவர்கள் சீட்டில் இருந்த நம்பரை எல்லாம் ஏற்றினார்கள். பெட்டி மேல் குறியும் கிடையாது, சாக்பீஸைத்தான் நான் ஒழித்துக் கட்டியிருந்தேனே!

வடக்கே காய் வாங்கியவர் பெட்டிகளைத் திறந்து வீடியோ எடுத்து அனுப்பினார். காம்பு கறுத்து, பிளந்த இடத்தில் புழு நெளிகிறது. பெட்டியின் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. இனி உங்கள் ஷெட் சரக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமா கஞ்சிக்கோட்டுக்கு எனக்குப் போன் அடித்தார்.

"மாப்ள, ஆப்புல எதாச்சுங் கோளாறா இருக்குமா?"

பார்க்காமலே பதில் சொன்னேன். "ஆப்பு என்னத்துக்குங்க மாமா தப்புப் போடப்போகுது? போன வருசமும் இதேதான? ஆளுக ஒழுங்காத் தட்டோணுமல்லங்க."

வாயில் வந்ததுதான். ஆனால் அந்த ஒரு பேச்சில் அக்காவின் தலை உருண்டுவிட்டது. ஏதோ ஒரு தோட்டக்காரருக்கு வேண்டி அவர் கெட்ட பெட்டிகளைத் தள்ளாமல் விட்டிருக்கிறார் என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா பார்க்கலாமே என்று நிரலைத் திறந்தேன். அந்த வரி கண்ணில் பட்டதும் கையில் இருந்த சோற்று உருண்டையை டப்பாவிலேயே போட்டுவிட்டேன். வீடியோவில் இருந்த நம்பர்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒவ்வொரு பெட்டியிலும் அக்கா 'தள்ளு' என்று அமுக்கிய நேரம் பதிவாகி இருந்தது. ஒன்றைக்கூட அவர் விட்டிருக்கவில்லை. அந்த நிமிடமே மாமாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். முதலில் சரி பண்ணிவிடுவோம், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில், அந்த மூன்று ஷெட்டுக்காரர்களின் முகம்தான் என் கண் முன்னால் நின்றது.

மறுநாள் காலையில் மாமா என்னை ஷெட்டுக்கு வரச் சொன்னார். எல்லோரும் நின்றிருந்தார்கள். ஷெட்டின் மூலையில் சின்னதாக ஒரு பிள்ளையார் உண்டு. எங்கள் பக்கத்தில் ஷெட்டிலோ களத்திலோ ஏதாவது வழக்கு என்றால், பிள்ளையார் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி வைப்பார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர் அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் ஒரு சொல் பேசக் கூடாது. முந்தின வருடம் தார்ப்பாய்க் கயிறு காணாமல் போனபோது ஒரு டிரைவர் அப்படி அணைத்துவிட்டு அடுத்த நிமிடமே டீ குடிக்கப் போனார்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்," என்று மாமா அக்காவிடம் சொன்னார். "கெட்ட பெட்டிய நாந் தள்ளிப்போட்டேன்னு இத அணைச்சுச் சொல்லிப்போடு. நானும் உட்டர்றேன்."

அக்கா கற்பூரத்தைப் பார்த்தபடி நின்றார். "மொதலாளி, எங்க சபையில சத்தியம் பண்ண மாட்டோம். பைபிள் மேலயே பண்ண மாட்டோம், இதுல எங்கன பண்ண? நான் தள்ளுனேன்னா தள்ளுனேன்தான். அம்புட்டுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

"தப்புச் செய்யலீன்னா அணைக்கறதுக்கு என்னவாம்?" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அக்கா திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"தம்பி, நீ சொல்லு. நான் அமுக்குனதெல்லாம் அதுக்குள்ள இருக்கும்ல? நீதான செஞ்ச, ஒனக்குத் தெரியும்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடிக்கணினி என் தோள்பையில் இருந்தது. அவர் அமுக்கிய நேரங்களும் அதற்குள் இருந்தன. திறந்து காட்ட இரண்டு நிமிடம் போதும்.

"பாத்துட்டுச் சொல்றேனுங்க்கா," என்றேன்.

அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. அணைக்க ஒரு கை வரவில்லை என்பதுதான் அங்கே தீர்ப்பு. அக்கா மூலையில் இருந்த தன் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அன்றைக்கே மலை ஏறிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரலைத் திருத்தினேன். நகலை எடுத்துவிட்டு, அந்தந்த வகையின் லிஸ்ட்டையே மெத்தட் வாங்கிக்கொள்ளும்படி எழுதினேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. இந்தத் தடவை சீட்டையும் அச்சடித்துப் பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்காவின் இடத்தில் வேறொருவர் காய் பார்த்தார். அடுத்த லோடு ஒழுங்காகப் போனது. அதற்கடுத்த லோடும். சரக்கே வேண்டாம் என்று சொன்ன வடக்கு வியாபாரியே திரும்பக் கூப்பிட்டார். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா மாப்ள? அவ போனதும் எல்லாமே சரியாப் போச்சு! நீ அன்னைக்கே சொன்னீல்ல, ஆளுக தட்டறதுலதான் கோளாறுன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் திருத்தியதே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! சந்தேகமாக இருந்ததை நானே ரகசியமாக ஊர்ஜிதம் பண்ணி வைத்திருக்கிறேன். ஷெட்டில் வேலை செய்கிற பெண்கள்கூட, "அதான் சத்தியத்துக்குப் பயந்துட்டா" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே நான் காப்பி குடித்தேன். சே, என்ன ஜென்மம் நான்!

அதற்கப்புறமும் இரண்டு வாரம் இழுத்தேன். ஒரு மத்தியானம் ஷெட்டில் மாமா மட்டும் தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். லிஸ்ட், நகல், அந்த ஒரு வரி, பதிவாகியிருந்த நேரங்கள். அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அக்கா தள்ளியிருக்கிறார் என்பது புரிந்தது.

"வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத," என்றார். "அந்த மூணு பேருக்குந் தெரிஞ்சா ஆப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்பாங்க. அவள வேணும்னா திரும்பி வரச் சொல்லு. நானொண்ணுஞ் சொல்லமாட்டேன்."

எனக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று மாமா கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. அந்த இடத்தை மட்டும் தாண்டி வந்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பொள்ளாச்சி போய், உடுமலை போய், மறையூர் வழியாக மூணாறு பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து எஸ்டேட் ஜீப். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பு என்னுடையது. அன்றைக்குக் காலையில் நின்றபோதே எனக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள். மூன்றே வாக்கியம்தான்.

அக்கா, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தங்கை வீட்டில் இருந்தார். கொழுந்து எடை போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், பச்சை வாசம் புடவையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் ஒரு நொடி இறுகியது. பிறகு, "வா தம்பி, இம்புட்டு தூரமா? உள்ள வா, குளிரும்," என்றார். தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாசலில் வந்து நின்றார்கள்.

உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் அமுக்கியதெல்லாம் சரி, ஒன்றுகூட விடவில்லை, நான் லிஸ்ட்டுக்கு நகல் எடுத்தேன், நீங்கள் நீக்கியது நகலிலிருந்து, லாரிக்குப் போனது அசல், தப்பு முழுக்க என்னுடையது. தேங்காய் மூட்டை, ஒப்பந்தம் என்று ஏதேதோ உளறினேன். நான் முடித்ததும் அக்கா டீத் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்த மிஷின் சமாச்சாரம் எனக்கு வெளங்கல தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அன்னைக்குக் கற்பூரம் எரிஞ்சப்ப நான் ஒங்கிட்டக் கேட்டேன்ல. அப்ப ஒனக்கு இது தெரியுமா, தெரியாதா?"

பஸ்ஸில் பாடம் பண்ணிய இரண்டாவது வாக்கியம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. அக்கா கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு பெண்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொன்னால் இவர் இனி என்னை எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"தெரியாதுங்க்கா," என்றேன். "அப்பறந்தான் பாத்தேன்."

அக்கா பெரிதாக மூச்சு விட்டார். முகமே மாறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதான பாத்தேன்! வேல போனதெல்லாம் கெடக்கட்டும் தம்பி, இந்த மலையில கொழுந்தா இல்ல? தம்பி தெரிஞ்சுக்கிட்டே நின்னுருச்சோன்னுதான் எனக்கு நெஞ்சு கெடந்து அறுத்துச்சு. ராத்திரி சோறு எறங்கல. இல்ல, அந்தப் புள்ள அப்பிடிச் செய்யாதுன்னு நானே சொல்லிக்கிடுவேன்."

தங்கையின் பக்கம் திரும்பினார். "பாத்தியாட்டி? நான் சொன்னேன்ல. தப்பு தெரிஞ்சதும் மல ஏறி வந்து சொல்லுது பாரு. எந்தப் புள்ள செய்யும் இத? அடுத்த தைக்கு நான் கீழ போவேன்."

பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தங்கை உள்ளே போய் ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். இப்போதாவது சொல்லடா, இப்போதாவது சொல் என்று எனக்குள் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். "சாப்பிடு தம்பி, மொகமெல்லாம் வாடிக்கெடக்கு," என்று அக்கா தம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். நான் குடித்தேன்.